பொய்த்தோற்றத்தைக் குறிக்கும் சொற்கள்: போலி, வேடம், மாய்மாலம், பம்மாத்து, பேய்க்காட்டுதல்

குளக்கட்டு (கிளிநொச்சி) எழுதியது:

எங்கள் ஊர் வாசிகசாலையின் ஆண்டு மலருக்காக வன்னியில் வழங்கும் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து வருகிறோம். உறவுமுறை, வயல், குளம், காடு, அடுப்படி ஆகிய பகுதிகள் பெரிய தடங்கலின்றி முடிந்துவிட்டன. உள்ளே இருப்பது ஒன்றாகவும் வெளியே தெரிவது வேறொன்றாகவும் அமைவதைக் குறிக்கும் சொற்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கினோம். அங்கேதான் வேலை நிற்கிறது. போலி, பொய், கள்ளம், வேடம், பாசாங்கு, பாவனை, மாய்மாலம், பம்மாத்து, புலுடா, சுத்துமாத்து, எடுப்பு, படங்காட்டுதல், பேய்க்காட்டுதல் என்று சொற்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. அகராதியைப் புரட்டினால் ஒரு சொல் மற்றொன்றுக்கு அனுப்புகிறது. அது திரும்பவும் முதற்சொல்லுக்கே அனுப்பிவிடுகிறது.

ஆனால் பேசும்போது எவருக்கும் இந்தக் குழப்பம் இல்லை. கள்ள உறுதியை, அதாவது பொய்யாக முடித்த காணிப் பத்திரத்தை, எவரும் பம்மாத்து உறுதி என்று சொல்வதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சிப்பட்டுக் கண்ணை மூடிக் கிடக்கும் பிள்ளையைப் போலி நித்திரை கொள்கிறான் என்றும் எந்தத் தாயும் சொல்வதில்லை. எந்தச் சொல் எங்கே நிற்கும், ஏன் நிற்கும் என்பதை அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன். பகுதிக்கு ஒரு பொதுத் தலைப்பும் தேவை. "போலிகள்" என்று வைத்துவிடலாம் என்பது எங்கள் குழுவில் பெரும்பாலானோரின் கருத்து.

பாலைநிழல் (வவுனியா) எழுதியது:

"போலிகள்" என்ற தலைப்பை நான் ஏற்கமாட்டேன். அந்தச் சொல்லுக்கு இன்று பத்திரிகைகள் ஏற்றியிருக்கும் பழி அதன் பிறவிக் குணம் அன்று. "போல்" என்ற உவமைச் சொல்லின் அடியாகப் பிறந்தது "போலி". ஒன்றைப் போல இருப்பது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. இலக்கணம் படித்த எவருக்கும் இது நினைவிருக்கும். "அகம்" என்பது "அகன்" என்றும், "நிலம்" என்பது "நிலன்" என்றும் வருவதை நன்னூலார் வழியில் கடைப்போலி என்கிறோம். "அரசு", "அரைசு" என்று நிற்பது இடைப்போலி. ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்றாலும் பொருள் சிறிதும் கெடுவதில்லை. அங்கே போலி என்பது ஏமாற்றும் எழுத்து அன்று. வேலைக்கு வராத எழுத்தின் வேலையைச் சரியாகச் செய்து முடிக்கும் எழுத்து. "இல்முன்" என்பது "முன்றில்" என முன்பின்னாக மாறி வழங்குவதை இலக்கணப்போலி என்கிறோம். நாம் அன்றாடம் சொல்லும் "வாய்க்கால்" என்பதையும் "கால்வாய்" மாறி நின்ற இலக்கணப்போலி என்றே வகுப்பில் கற்பித்தோம். குளத்துத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுவரும் வாய்க்காலைப் பொய் என்று யார் சொல்வார்?

ஆகவே போலியில் இரண்டு அடுக்கு உண்டு. ஒன்றுக்கு நிகராக நிற்பது பழைய அடுக்கு. நிகர் என்று சொல்லி விற்கப்படுவது புதிய அடுக்கு. போலி மருத்துவர், போலி நாணயம், போலிச் சான்றிதழ் எல்லாம் இதில் அடங்கும். இந்த இரண்டாவது அடுக்கு பெரும்பாலும் எழுத்து வழக்கு. எங்கள் பக்கத்துச் சந்தையில் வாங்கிய மோட்டார்ச் சைக்கிள் உதிரிப்பாகம் இரண்டு கிழமையில் உடைந்தால், "டுப்ளிக்கேற் சாமான்" என்றுதான் சொல்வார்களே தவிர "போலி" என்று சொல்லிக் கேட்டதில்லை.

உறுதிக்காரன் (வவுனியா) எழுதியது:

காணி உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்தவன் என்ற முறையில் "கள்ள" என்ற அடையைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன். எங்கள் பேச்சில் பொய்த்தோற்றத்தைச் சுட்டும் மிக வலிய முன்னொட்டு அதுவே: கள்ள உறுதி, கள்ளக் கையெழுத்து, கள்ள நோட்டு, கள்ள வாக்கு, கள்ள நித்திரை. திருடுதல் என்ற பொருள் இவற்றில் நேராகத் தெரியாவிட்டாலும், ஒளித்துச் செய்தல் என்ற நிழல் எல்லாவற்றிலும் இருக்கிறது. கள்ளக் கையெழுத்தை வைத்தவன் தன் கையை ஒளிக்கிறான். கள்ள நித்திரை கொள்ளும் பிள்ளை தன் விழிப்பை ஒளிக்கிறது. பொருள் ஒன்றைப் போலச் செய்யப்பட்டிருப்பதைப் "போலி" காட்டுகிறது. செய்தவன் ஒருவன் மறைந்து நிற்கிறான் என்பதைக் "கள்ளம்" காட்டுகிறது. அதனால்தான் சீமெந்தில் வார்த்த மரக்குற்றி இருக்கையைக் கள்ள மரம் என்று எவரும் சொல்வதில்லை.

இந்த வரிசையில் சேராத இன்னொரு வகையும் உண்டு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியைக் கைமாற்றும் உறுதி நொத்தாரிசின் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட வேண்டும். ஒரு வழக்கை எண்ணிப் பாருங்கள்: தாள் உண்மையானது, முத்திரை உண்மையானது, நொத்தாரிசும் உண்மையானவர், சாட்சிகளும் உயிருள்ள மனிதர்கள், ஆனால் காணிக்காரர் என்று வந்து ஒப்பமிட்டவர் மட்டும் காணிக்காரர் அல்லர். இதை ஆள்மாறாட்டம் என்கிறோம். இங்கே பொருளிலோ எழுத்திலோ போலி இல்லை. பொய் முழுவதும் வந்தவருடைய உடம்பில் நிற்கிறது. பேச்சில் இதையும் "கள்ள உறுதி முடிச்சவங்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள் என்றாலும், தொகுப்பில் பிரித்துக் காட்டுவது நல்லது.

கூத்துக்களரி (முல்லைத்தீவு) எழுதியது:

உடம்பில் நிற்கும் பொய் என்று உறுதிக்காரன் ஐயா சொன்னதும் "வேடம்" நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல்லுக்கும் பலர் வீணாகப் பழி சுமத்துகிறார்கள். எங்கள் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடுபவர் வேடம் கட்டுகிறார். களரியைச் சுற்றி இருக்கும் எவரும் ஏமாறுவதில்லை. கட்டியவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது முன்வரிசைச் சிறுவனுக்கும் தெரியும். ஏமாற்றப்படுபவர் ஒருவரும் இல்லாத இடத்தில் பொய்த்தோற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சைவத்தில் வேடம் இன்னும் ஒரு படி மேலே இருக்கிறது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பா, "மாலற நேயம் மலிந்தவர் வேடமும் ஆலயம் தானும் அரனெனத் தொழுமே" என்று வேடத்தைக் கோயிலுக்குச் சமமாக வைத்துத் தொழச் சொல்கிறது. இதன் கூர்மையைப் பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றில் காணலாம். நாயனாரைப் போரில் வெல்ல முடியாத பகைவன் முத்தநாதன் உடம்பெல்லாம் நீறு பூசி, சடைமுடி கட்டி, புத்தகக் கட்டுக்குள் ஆயுதத்தை ஒளித்துக்கொண்டு அரண்மனைக்குள் வருகிறான். சேக்கிழார் அவனை "மைபொதி விளக்கே என்ன மனத்தினுள் கறுப்பு வைத்துப் பொய்தவ வேடம் கொண்டு புகுந்தனன்" என்கிறார். "வேடம்" என்ற சொல்லே பொய்யைக் குறிப்பதாயின் அதன் முன்னே "பொய்தவ" என்று அடை போட வேண்டிய தேவை புலவருக்கு இருந்திராது. குத்துண்ட நாயனாரும் "தத்தா நமர்" (தத்தனே, இவர் நம்மவர்) என்று காவலனைத் தடுத்து, குத்தியவனை ஊர் எல்லை வரை பாதுகாப்பாகக் கொண்டுபோய் விடச் சொல்கிறார். மனம் பொய்யாக இருந்தபோதும் அவர் கண்ணுக்கு வேடம் மெய்யாகவே இருந்தது.

எனவே வினையைப் பாருங்கள் என்று தொகுப்பாளருக்குச் சொல்வேன். வேடம் "கட்டினால்" கலை. வேடம் "பூண்டால்" வழிபாட்டுக்குரியதாகவும் இருக்கலாம். வேடம் "போட்டால்" பேச்சு வழக்கில் பெரும்பாலும் பழி.

குளக்கட்டு எழுதியது:

நன்றி. வினையை வைத்துப் பார்க்கும் வழி எங்களுக்குத் தோன்றவில்லை. "பாவனை" பற்றி எவராவது எழுத முடியுமா? தமிழ்நாட்டு நூல்களில் அது பாசாங்குக்கு அருகில் வருகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பொருள் சற்றும் எட்டவில்லை.

பாலைநிழல் எழுதியது:

எட்டாதது இயல்பே. இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்படுத்துதல். பாவனையாளர், மின்பாவனை, பாவனைக்கு உதவாத மருந்து என்றே நாள்தோறும் படிக்கிறோம். "அவள் துக்கம் கொண்டவள் போலப் பாவனை செய்தாள்" என்ற வாக்கியம் இங்கே ஒரு கணம் தடுக்கும். "பாவனை காட்டினாள்" என்றால் மட்டும் ஒருவாறு புரியும். ஆகவே தொகுப்பில் அதைச் சேர்க்க வேண்டியதில்லை. பாசாங்கு இங்கும் அங்கும் ஒன்றே: இல்லாத நோயை, இல்லாத அறியாமையை, இல்லாத அக்கறையை இருப்பதாக உடம்பாலும் முகத்தாலும் காட்டுவது. அதற்கு ஓர் ஆள் வேண்டும்; பொருளுக்குப் பாசாங்கு இல்லை.

மடுவீதி (மன்னார்) எழுதியது:

பாசாங்குக்கும் மாய்மாலத்துக்கும் இடையே ஒரு வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பாசாங்கு ஒரு வேளைக்குரியது. வேலை முடிந்ததும் கழன்றுவிடும். மாய்மாலம் குணமாகப் படிந்தது. "அவவின்ரை மாய்மாலம் எனக்குத் தெரியாதோ" என்று ஒருவர் சொல்கையில், ஒரு நாள் நடந்ததைச் சொல்லவில்லை. பல ஆண்டுகளாகப் பார்த்த அன்பையும் அழுகையையும் கூட்டிக் கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். பெண்களைப் பற்றிப் பேசும்போதே இச்சொல் மிகுதியாக வருகிறது என்பதையும் தொகுப்பில் குறிக்க வேண்டும். ஆணின் இதே நடத்தையை "நடிப்பு" என்று இலேசாக விட்டுவிடுகிறார்கள். இது சொல்லின் குற்றம் அன்று, சொல்பவர்களின் வழக்கம்.

மாயம் என்ற வேரைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. மத்தேயு நற்செய்தியின் 23 ஆம் அதிகாரத்தில் இயேசு பரிசேயரைக் கடிந்துகொள்ளும் இடத்தில், சீர்திருத்தத் திருச்சபையினரின் பழைய மொழிபெயர்ப்பு "மாயக்காரர்" என்கிறது. நாங்கள் கோயிலில் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு "வெளிவேடக்காரர்" என்கிறது. மூலமான கிரேக்கச் சொல் மேடை நடிகரைக் குறித்தது. கூத்துக்களரி அவர்களின் விளக்கத்தைப் படித்த பின் "வெளிவேடம்" என்ற தேர்வின் நுட்பம் இன்னும் தெளிவாகிறது: வேடம் என்று மட்டும் விடாமல் "வெளி" என்பதைச் சேர்த்ததால், உள்ளே அதற்கு ஈடான எதுவும் இல்லை என்ற குற்றச்சாட்டு சொல்லிலேயே அமைந்துவிடுகிறது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 12 ஆம் அதிகாரத்திலும் பழைய பெயர்ப்பு அன்பு "மாயமற்றதாய்" இருக்க வேண்டும் என்கிறது. புதியது "கள்ளமற்றதாய்" என்கிறது. உறுதிக்காரன் சொன்ன ஒளிவு அங்கே வந்துவிடுகிறது.

கண்ணீருக்கு மட்டும் நீலிக்கண்ணீர் என்ற தனிப்பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பழையனூர் நீலி கதையிலிருந்து வந்தது. முதலைக் கண்ணீர் பிற மொழி வழியாக வந்த சொற்றொடர். எங்கள் குளங்களில் முதலைக்குக் குறைவில்லை; ஆயினும் அது அழுததைப் பார்த்ததாக எந்த மீன்பிடிகாரரும் சொன்னதில்லை.

நெடுங்கேணி வாசகன் எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் அனைவரும் மனிதரின் பொய்த்தோற்றத்தையே பேசினார்கள். வயலில் நிற்பவனுக்கு வேறு வகை தெரியும்.

காலபோக (மாரிகால) விதைப்பு முடிந்து சில கிழமைகளில் நெல்லோடு நெல்லாக ஒரு புல் நிற்கும். நிறமும் உயரமும் இலையின் அகலமும் நெல்லே; கதிர் தள்ளும் வரைக்கும் புதியவனுக்குப் பிடிபடாது. பழகியவர் குனிந்து இலையும் தண்டும் சேரும் மூட்டை விரலால் விலக்கிப் பார்ப்பார். நெல்லாக இருந்தால் அந்த மூட்டில் வெண்மையான மெல்லிய சவ்வு ஒன்று எழுந்து நிற்கும். புல்லாக இருந்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். இதைப் போலி நெல் என்று எழுதலாமே தவிர, கள்ள நெல் என்று சொல்வது எனக்கு ஒட்டவில்லை; அந்தப் புல்லுக்கு ஒளிக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் புல் பிடுங்கிய கைகளுக்குத் தப்பியது எதுவோ அது நெல்லைப் போல ஆகிவிட்டது, அவ்வளவே.

அறுவடையில் இன்னொன்று வரும். உமி முழுமையாக இருக்கும், உள்ளே அரிசி இராது. எழுத்தில் பதர், எங்கள் வாயில் சப்பி. சப்பியை எவரும் பொய் நெல் என்று சொல்வதில்லை. ஆனால் மழை வராவிட்டால் மட்டும் "வானம் பொய்த்துவிட்டது" என்கிறோம்; "விண்இன்று பொய்ப்பின்" என்று வள்ளுவரும் சொல்கிறார். முகில் கறுத்து, காற்றுக் குளிர்ந்து, துளி விழாமல் கலைந்துபோகையில் வானம் வாக்குக் கொடுத்து மாறியதாகவே நமக்குப் படுகிறது. பொய்த்தல் என்பது தோற்றத்தைப் பற்றியது அன்று, எதிர்பார்ப்பைப் பற்றியது என்று நான் எண்ணுகிறேன்.

"பேய்" என்ற அடையையும் மறக்க வேண்டாம். பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடோல், பேய்க்கொம்மட்டி ஆகிய எல்லாம் உண்ணும் கொடியைப் போலவே காடு கரைகளில் படர்ந்து, வாயில் வைத்தால் கசப்பவை. கோடையில் ஏ9 வீதியின் தாரில் தண்ணீர் போல மினுங்கும் கானலுக்கும் பழைய பெயர் பேய்த்தேர். பேய்க்காட்டுதல் என்ற நம் சொல்லும் இந்தக் கொத்தைச் சேர்ந்தது என்பது என் கருத்து.

கூத்துக்களரி எழுதியது:

கடைசி வரியில் மட்டும் உடன்பாடில்லை. செடியில் வரும் பேய் "போன்றது, ஆனால் உதவாதது" என்ற பொருளைத் தருகிறது. "என்னைப் பேய்க்காட்டாதை" என்று சொல்பவர், தம்மிடம் காட்டப்பட்ட பொருளைப் பற்றிச் சொல்லவில்லை. தம்மை ஒரு பேயனாக, அதாவது புத்தியற்றவனாக, ஆக்கப் பார்ப்பதைத் தடுக்கிறார். வாக்கியத்தின் அமைப்பைக் கவனியுங்கள்: "என்னை" என்று இரண்டாம் வேற்றுமை வருகிறது. "எனக்குப் பேய்க்காட்டாதை" என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் "எனக்குப் படங்காட்டாதை" என்கிறோம். படங்காட்டுபவர் தம் பெருமையை நமக்கு முன் விரிக்கிறார். பேய்க்காட்டுபவர் நம்மையே பிடித்துத் திருப்புகிறார்.

பாலைநிழல் எழுதியது:

வேற்றுமை உருபைக் கொண்டு நிறுத்திய விதம் நன்றாக இருக்கிறது. ஆயினும் இரண்டு விளக்கமும் ஒன்றையொன்று விலக்கவில்லை. "பேயன்" என்பதற்கும் ஆளைப் போல இருந்து ஆள் அல்லாதவன் என்று பொருள் கொள்ள முடியும். இரண்டையும் பதிவு செய்யுங்கள்.

வாசகன் தம்பி குறளை எடுத்ததால் மேலும் ஒன்று. கூடாவொழுக்கம் என்ற 28 ஆம் அதிகாரத்தின் முதற்குறள் "வஞ்ச மனத்தான் படிற்றொழுக்கம்" என்று தொடங்குகிறது. வஞ்சனையைக் குறிக்கும் "படிறு" என்ற அந்த அருமையான சொல் வழக்கிலிருந்து போயே விட்டது. அதே அதிகாரத்தில், வெளியே குன்றிமணி போலச் சிவந்திருந்தும் அகத்தில் "குன்றி மூக்கிற் கரியார்" உலகில் உண்டு என்கிறார். நம் வேலிகளில் படர்ந்து நிற்கும் குண்டுமணியைப் பிள்ளைகளிடம் கொடுத்து, சிவப்பில் எந்த இடத்தில் கறுப்பு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னால் உரை தேவைப்படாது.

உறுதிக்காரன் எழுதியது:

பம்மாத்து, புலுடா, சுத்துமாத்து ஆகிய மூன்றையும் ஒருசேர முடித்துவிடலாம். புலுடா வாயில் மட்டும் இருப்பது, புலுடா "விடுவார்கள்". கொழும்பில் பெரிய இடத்துத் தொடர்பு இருக்கிறது என்று சொல்வது புலுடா. அதற்கு ஏற்றபடி வாடகைக் காரில் வந்து இறங்கி, கைபேசியில் எவருடனோ உரக்கப் பேசிக் காட்டினால் அது பம்மாத்து. வாயோடு உடம்பும் பொருளும் சேர்ந்துவிட்டன. அதை நம்பியவரிடம் காசை வாங்கிக்கொண்டு, இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தால் சுத்துமாத்து. முதல் இரண்டுக்கும் சிரிப்போம். மூன்றாவதற்குப் பொலிசுக்குப் போவோம். எடுப்பு இவற்றில் சேராது, ஏனென்றால் எடுப்புக் காட்டுபவரிடம் காட்டுவதற்கு ஏதோ ஒன்று உண்மையில் இருக்கும், அளவுதான் மிஞ்சிப்போகும்.

கூத்துக்களரி எழுதியது:

தலைப்பைப் பற்றி எவரும் முடிவு சொல்லவில்லை. "பொய்த்தோற்றம்" என்றும் வைக்க வேண்டாம் என்பேன். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கூடும் நமக்குச் சிலம்பைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி தன் சிலம்பு "மணியுடை அரியே" என்கிறாள். பாண்டியன் தன் தேவியின் சிலம்பு "முத்துடை அரியே" என்கிறான். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று. உடைத்தால் மட்டுமே உள்ளிருக்கும் பரல் வேறு. இரண்டில் எது போலி? இரண்டுமே போலி அல்ல. இரண்டும் நல்ல பொன்னில் செய்த மெய்ச்சிலம்புகள். பொற்கொல்லன் புதிதாக எதையும் வார்க்கவில்லை, எந்த வேடமும் போடவில்லை. இயல்பாக இருந்த ஒப்புமையை எடுத்து அதன்மேல் ஒரு பொய்யைச் சொன்னான். நாம் இதுவரை அடுக்கிய சொற்களில் ஒன்றும் அந்தச் சிலம்புக்குப் பொருந்தவில்லை.

தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயல் உண்டு. ஒன்றன் இடத்தில் ஒன்று வந்து கலப்பதை மயங்குதல் என்றார்கள். "தோற்ற மயக்கம்" என்று தலைப்பிட்டால் சிலம்பும் புல்லும் கானலும் உள்ளே வரும். மாய்மாலமும் சுத்துமாத்தும்கூட வரலாம்.

குளக்கட்டு எழுதியது:

குழுவில் இன்று மாலை இதை வாசித்தோம். "தோற்ற மயக்கம்" என்ற தலைப்பு ஏற்கப்பட்டது. சொற்களை அகர வரிசையில் அடுக்காமல், ஏமாற்றும் எண்ணம் இல்லாதவை முதலிலும், ஏமாற்றப்படுபவர் இல்லாதவை அடுத்தும், ஒருவர் மற்றொருவருக்குச் செய்பவை இறுதியிலும் வரும்படி வைக்கிறோம். கானல், பதர், சப்பி, பேய்ச்சுரை முதலியவை முதற்பகுதி. வேடம் கட்டுதலும் எழுத்துப் போலியும் இரண்டாவது. கள்ளம் தொடங்கிப் பேய்க்காட்டுதல் வரை மூன்றாவது. இதுவே மிக நீண்டிருக்கிறது. ஒவ்வொரு சொல்லோடும் அது கொள்ளும் வினையையும் வேற்றுமை உருபையும் பேச்சு வழக்கிலேயே ஒரு வாக்கியத்தில் தருவோம். பாவனையை நீக்கிவிட்டோம். "கானல்" கடற்கரைச் சோலையையும் குறிக்கும் என்பதால் சிலப்பதிகாரத்துக் கானல்வரியோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க அடிக்குறிப்பு ஒன்று சேர்த்திருக்கிறோம்.

ஆள்மாறாட்டம் மூன்றாம் பகுதியில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதில் மட்டும் இருவேறு கருத்து இருக்கிறது.

உறுதிக்காரன் எழுதியது:

கள்ளத்துக்கு அடுத்து, மாய்மாலத்துக்கு முன் வையுங்கள். எடுத்துக்காட்டாக உறுதியை மட்டும் தராமல், சோதனை மண்டபத்தில் ஒருவருக்காக இன்னொருவர் எழுதுவதையும் சேர்த்தால் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும்.